ரேடியோ சாருக்கு விட்டுப்போன நாலு பக்கம்

முதலில் காணாமல் போனது ஹெட்மாஸ்டரின் மூக்கு. அது லேசில் தொலைகிற மூக்கு இல்லை. ஆளுக்கு முன்னால் அது வந்து வராந்தாவில் நிற்கும். ஆனால் அன்று காலை ரேடியோ சார் வணக்கம் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது இரண்டு காதுகள் இருந்தன, கொஞ்சம் தலைமுடி இருந்தது, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை மட்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கறை போகவில்லை.

கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"நடுப்பார்வை போகுது. ஓரம் நிக்கும். போனது திரும்ப வராது. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"வாத்தியார். இங்கிலீஷ்."

டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

ரேடியோ என்பது பிள்ளைகள் வைத்த பெயர். சும்மா வைக்கவில்லை. பழைய ஆங்கில நாடகம் ஒன்றுதான் ரொம்ப வருஷமாகப் பாடம். ராஜா, சேவகன், கிழவி, குத்துகிறவன், குத்துப்பட்டுச் சாகிறவன், எல்லோருக்கும் அவர்தான் குரல். கேட்கிறவர்கள் திருப்பிப் பேச முடியாது. ரேடியோவுக்கு அதுவும் ஒரு குணம்தானே. வாசித்து முடித்ததும் கேள்வி பதிலைச் சொல்லி எழுத வைப்பார். பிள்ளைகள் அதைப் பரீட்சையில் அப்படியே கக்கிவிட்டு வருவார்கள். இலக்கியம் என்றால் இவ்வளவுதான் என்று இரண்டு தரப்புமே நிம்மதியாக இருந்தது. நாடகம் தலைகீழ்ப் பாடம் என்பதால், கண் மங்கிக்கொண்டே வந்தது பக்கத்து வகுப்புக்குக்கூடத் தெரியவில்லை. புத்தகத்தைக் கையில் விரித்துப் பிடித்திருப்பார், அவ்வளவுதான்.

பிறகு பாடத்திட்டம் மாறியது. நாடகத்தைத் தூக்கிவிட்டு ஒரு நாவலை வைத்தார்கள். பழங்கால நாவல், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. சதுப்பு நிலத்தின் ஓரத்தில் விடுதி நடத்தும் ஒரு அக்கா, அவளுடைய தம்பி, இருட்டிய பிறகு கதவைத் தட்டும் விருந்தாளிகள். ரேடியோ சார் அட்டையைத் தடவித் தடவிப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் வகுப்பைப் பிடுங்கிவிடுவார்கள். உடைந்த நாற்காலிகள் கிடக்கும் அறையில் உட்கார வைப்பார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள். வகுப்பு இல்லாத தன்னை அவரால் யோசித்துப் பார்க்கவே முடியவில்லை.

வீட்டில் அவர் மனைவி தையல்காரி. ஆங்கில எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே நாவலை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். அவள் வாயில் அந்த ஊர்ச் சீமான்கள் எல்லாம் காய்கறிக்குப் பேரம் பேசுகிற மாதிரி பேசினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, உடைந்த சொற்களை ஒட்டிக் கதையாக்குவார்.

"என்னங்க, இந்த ஆளு பேரு வாயிலயே நுழைய மாட்டேங்குது. நெட்டையன்னு சொல்லிக்கட்டுமா?"

"அவன் குள்ளன்மா."

"இருந்துட்டுப் போகட்டும். பேரு நீளமா இருக்கில்ல?"

ஒரு நாள், ரவிக்கையை வாங்க வந்தவள் வாசலில் காத்திருக்க, அவசரமாகப் புரட்டியதில் ஒட்டியிருந்த மூன்று தாள்கள் ஒரே தாளாகப் புரண்டன. நாலு பக்கம். அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தம்பி செத்துப்போவது அந்த நாலு பக்கத்தில்தான்.

வகுப்பில் இனி தான் வாசிக்க முடியாது என்பதால் பிள்ளைகளை வாசிக்க வைத்தார். முழுவதும் இல்லை. அவர் சொல்லும் இடத்தை மட்டும். பாதியில் கையைத் தூக்குவார்.

"நிறுத்து. வெளிய ஆள் வர்ற சத்தம் கேட்டதும் அக்கா ஏன் விளக்கை அணைக்கிறா?"

"எண்ணெய் மிச்சம் பண்ண, சார்!"

"சரி, கஞ்சம்னு சொல்ற. எந்த வரியில இருக்கு? காட்டு."

சொன்னவன் வரியைத் தேடித் தேடி மூன்று பக்கம் படித்துவிடுவான். தன் வாழ்நாளில் சொந்தமாகப் படித்த முதல் மூன்று பக்கம். சண்டை வந்தது. அக்கா நல்லவளா கெட்டவளா என்று மைதானம் வரைக்கும் போய் அடித்துக்கொண்டார்கள்.

ரேடியோ சாருக்கு மிகவும் பிடித்த கேள்வி ஒன்று இருந்தது. "திடீர்னு தம்பியைக் காணோம். அக்கா ரெண்டு தட்டு வெச்சுக் காத்திருக்கா. அவன் எங்க போனான்னு எழுதினவர் ஒரு வரிகூடச் சொல்லலை, பாத்தீங்களா? அந்த மௌனத்துலதான் கதையே இருக்கு!"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி சதுப்பில் மூழ்கிச் செத்தான் என்று கடையில் வாங்கிய நோட்ஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சார் வேண்டுமென்றே சோதிக்கிறார் என்று முடிவு செய்து, கப்பல் ஏறினான், காதலித்து ஓடினான் என்று ஆளுக்கொன்று அவிழ்த்துவிட்டார்கள். வாயாடி என்று பெயர் வாங்கிய பெண் மட்டும் சிரிக்கவில்லை. தன்னிடம் பேசும்போதெல்லாம் சார் ஜன்னலைப் பார்க்கிறார் என்பதை அவள் கவனித்திருந்தாள்.

சார் நடத்துகிற விதம் பற்றிப் பேச்சு பரவியது. அதுதான் வினை. ஹெட்மாஸ்டர் ஒரு நாள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க புது முறையைப் பாக்க ஆய்வாளரே வராராம், சார்! நீங்க கொடுத்து வெச்சவர்!"

ரேடியோ சார் தன் கையை மெதுவாக உருவிக்கொண்டார்.

ஆய்வாளர் வந்தார், புத்தகத்தோடு கடைசியில் உட்கார்ந்தார். ஹெட்மாஸ்டர் வாசலில் நின்றுகொண்டார். வகுப்பு ஜோராகப் போயிற்று. போன ஜோரில் சார் தன் செல்லக் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

எந்த முகமும் அவருக்குத் தெரியவில்லை. பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் நிதானமாக முன்னால் வந்தது.

"சொல்லியிருக்காரே, சார். நாலு பக்கம் முழுக்க." குரலில் மரியாதை குறையவே இல்லை. விரித்த புத்தகம் ரேடியோ சார் கைக்கு வந்தது. "முதல் பத்தியை மட்டும் வாசிச்சுக் காட்டுங்க."

தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஓரத்து வெள்ளை தெரிந்தது. நடுவில் கறை.

வாயாடி எழுந்தாள். "எங்க வகுப்புல சார் வாசிக்க மாட்டாரு. நாங்கதான் வாசிப்போம்."

"உன்னைக் கேக்கலம்மா. உட்காரு."

அவள் போட்டுக்கொடுத்த பாலத்தில் ஏறி அவர் தப்பியிருக்கலாம். ஆனால் ஒரு வருஷம் முழுக்க நடத்திய புத்தகத்தில் தனக்குத் தெரியாமல் நாலு பக்கம் இருந்திருக்கிறது. மௌனம், கலை என்று இவர் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எனக்குக் கண்ணு தெரியல, சார்," என்றார். "நடுவுல. ரொம்ப நாளாச்சு. இந்தப் பக்கமெல்லாம் இருக்குன்னே எனக்குத் தெரியாது."

வாசலில் ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "சார், நீங்க கொஞ்சம் என் ரூமுக்கு வாங்க."

"வரேன், சார். அதுக்கப்புறம் வகுப்பு கிடையாதுன்னு தெரியும். இந்த நாலு பக்கம் மட்டும் கேட்டுட்டு வரேனே. தம்பி என்ன ஆனான்னு தெரியல."

ஆய்வாளர் திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். "முடிஞ்சதும் வாங்க," என்றார்.

வாயாடி புத்தகத்தை வாங்கிக்கொண்டு வாசித்தாள். தம்பி லாந்தரை எடுத்தான். அக்கா கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினான். கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

"சார், ஒரு சந்தேகம். லாந்தர்ல காத்து பட்டா அணையுமா?"

சார் விளக்கமாகச் சொன்னார். அவள் இன்னொரு வரி போனாள்.

"சார், சதுப்புன்னா சேறா, தண்ணியா?"

அதையும் சொன்னார்.

"அக்கா ஏன் சார் பின்னாடியே ஓடல?"

"அப்படிக் கேளு! வரியைக் காட்டு, பாப்போம்."

ஐந்தாறு கைகள் ஒன்றாக உயர்ந்தன. வாயாடி ஒவ்வொரு காற்புள்ளியிலும் மூச்சு வாங்கினாள். தம்பி முழங்கால் வரை சேற்றில் இறங்கியிருந்தான். வகுப்பு அவனை அதற்கு மேல் போக விடாமல் பிடித்து வைத்திருந்தது. ஹெட்மாஸ்டர் வாசலை விட்டு நகரவில்லை.