பாடலையா, கேக்கலையா

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கையில் விசில் இருந்தால் அதைவிடச் சீக்கிரம் வரும். கல்லூரி முடிகிறவரை கபடி ஆடினேன், பிறகு முட்டி போய்விட்டது. இப்போது அரசுப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். சனி ஞாயிறுகளில் அம்பயர். கள்ளக்குறிச்சியைச் சுற்றிப் பள்ளிப் பெண்களுக்கு எங்கே ஆட்டம் நடந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். "அந்த டீச்சரா? விசில் அடிச்சா அடிச்சதுதான்" என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. வெளியே முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வேனே தவிர, அந்தப் பேரில் எனக்கு உள்ளூரக் குஷிதான். சின்னசேலத்தில் ஒரு கோச், என் தீர்ப்பு பிடிக்காமல் தண்ணீர் பாட்டிலைக் கோட்டுக்குள் விட்டெறிந்தார். அதை அவரே வந்து பொறுக்கிக்கொண்டு போன பிறகுதான் ஆட்டத்தைத் தொடர விட்டேன்.

இது அந்தப் பேர் என்னை விட்டுப் போன கதை.

இறுதி ஆட்டம். ஒரு பக்கம் டவுன் பள்ளி, இன்னொரு பக்கம் கல்வராயன் மலையிலிருந்து வந்த பள்ளி. ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும். போய் ஆடினாலே ஒரு சான்றிதழ். பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கிற பெண்ணுக்கு அந்தச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கேட்கலாம். மலை அணியில் அப்படி ஒருத்திதான் இருந்தாள். மற்ற பெண்களுக்கெல்லாம் அடுத்த வருஷம் உண்டு.

குள்ளமான பெண். அந்த அணியின் பாதிப் புள்ளிகள் அவள் எடுத்தவை. எதிர்க்கோட்டுக்குள் மூச்சு விடாமல் "கபடி கபடி" என்று சொல்லிக்கொண்டே போவதைத்தான் எங்கள் பக்கம் பாடிப் போவது என்போம். போகிறவள் ரைடர். இவள் பாட்டு வெளியே கேட்கவே கேட்காது. உதடு மட்டும் லேசாக அசையும். அது ஏன் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் பாடினேன். சத்தம் போட்டால் மூச்சு செலவாகும். கடைசி இரண்டு அடிக்கு அந்த மூச்சு வேண்டும்.

மாலை மூன்றரை மணி வெயில். ஐந்து மணிக்கு வெள்ளிமலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று மலைப் பெண்கள் பைகளைக் கட்டி ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். புள்ளிகள் சமம். கடைசிப் பாட்டு இவளுடையது. தொட்டுத் திரும்பினால் மலைக்கு வெற்றி, மாட்டினால் டவுனுக்கு.

ஒருத்தியைத் தொட்டாள். திரும்பும்போது இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள், மூன்றாவது ஒருத்தி முதுகில் விழுந்தாள். குப்புற விழுந்தவள் அந்த மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு நகர்ந்து நடுக்கோட்டை விரல் நுனியால் தொட்டாள். அவள் வாய்ப் பக்கம் நான்தான் நின்றேன். பாட்டைக் கேட்பது என் வேலை. குனிந்தேன். பாட்டு இல்லை. விசிலை ஊதி, அவுட் என்று கையைக் காட்டினேன்.

டவுன் பக்கம் ஆர்ப்பாட்டம் கிளம்பியது. மலை அணியின் கோச் எழுந்து வந்தார். அவர் விளையாட்டு வாத்தியார்கூட இல்லை, கணக்கு வாத்தியார். சங்கராபுரத்துக்காரர், மலைப் பள்ளியில் வேலை. கோட்டின் ஓரத்தில் செருப்பைக் கழற்றி விட்டு உள்ளே வந்தார். அவ்வளவு ஆத்திரத்திலும் செருப்பைக் கழற்றிய மனுஷனைப் பார்த்து நான் பாக்கெட்டிலிருந்து பச்சை அட்டையை எடுத்து நீட்டினேன். எச்சரிக்கை.

"அத்த உள்ள வெச்சிக்கோங்க டீச்சர். ஒன்னே ஒன்னு கேக்கறேன். பதில் சொல்லிட்டீங்கன்னா போய்டறேன்."

"வெளிய போங்க சார். அடுத்தது மஞ்சள்."

"அவ பாடலையா, உங்களுக்குக் கேக்கலையா?"

அவள் பாட்டு வெளியே கேட்காது என்பது எனக்கும் தெரிந்ததுதான். இத்தனை வருஷத்தில் கோச்சுகள் என்னிடம் என்னென்னவோ கத்தியிருக்கிறார்கள். கண்ணு தெரியலையா, எவ்ளோ வாங்கின, டவுனுக்கு ஒரு ஞாயமா. இதையெல்லாம் நான் தட்டி விட்டுப் போயிருக்கிறேன். இந்த மனுஷன் கத்தவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்துக் கேட்பது மாதிரி கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாடல" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். அந்தப் பெண் இன்னும் நடுக்கோட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். முழங்கை தேய்ந்து ரத்தம். என்னைப் பார்க்கவில்லை, தன் விரல் தொட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேசைக்குப் போனேன். ஸ்கோர் ஷீட்டில் இரண்டு கோச்சும் கையெழுத்துப் போட வேண்டும். கணக்கு வாத்தியார் போட மாட்டேன் என்றார். போடாவிட்டால் குறிப்பு என்ற கட்டத்தில் அம்பயர் காரணம் எழுத வேண்டும். "ரைடர் பாட்டை" என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

டவுன் அணியின் கோச் கல்லூரியில் எனக்கு சீனியர். ஒரே பஸ்ஸில் போய் வருகிறவர்கள் நாங்கள். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"எழுதும்மா, இன்னா யோசிச்சிக்கினு இருக்க? சந்தேகமே வேணாம். எங்க ஆளு ஒருத்தரு வீடியோ எடுத்துக்கினு இருந்தாரு, நீயே பாரு."

எனக்கு உதவி செய்வதாகத்தான் போனை நீட்டினார். பார்த்தேன். அவள் விழுகிறாள், இழுக்கிறாள், நான் குனிகிறேன். கூடவே ஒரு குரல். "கேட்டாண்ட நிக்கிற பச்சை ஸ்கூட்டிய யாருதுன்னு பார்த்து எடுத்துடுங்க, தண்ணி லாரி வெளிய நிக்குது." மைக்செட்காரருடைய குரல். ஸ்பீக்கர் கம்பம் என் தலைக்கு நேர் பின்னால் இருந்தது. நான் விசில் ஊதும் வரை ஸ்கூட்டிதான் ஓடியது. அந்த நேரத்தில் என் காதருகே வந்து என்னைப் பெற்றவள் கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

"பாத்தியா, பாட்டு இருக்குதா?" என்றார் சீனியர்.

"எதுவுமே இல்லையே சார்" என்றேன். எனக்கு அழுகை வந்தது. அவமானத்தில் வந்த அழுகை. தெரியாமல் தவறு செய்ததுகூட இல்லை, கேட்ட கேள்விக்கு ஒரு கணக்கு வாத்தியாரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருந்தேன், என் பேருக்காக.

எழுதியதை அடித்துவிட்டு, "எனக்குக் கேட்கவில்லை" என்று எழுதினேன். போட்டியை நடத்திய தலைமை ஆசிரியரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார்.

சீனியர் கொதித்தார். "ஊதின விசில மாத்துனா அப்புறம் இன்னா அம்பயரு? நாளைக்கு அவனவன் காது கேக்கலன்னு வந்து நிப்பான். எங்க பொண்ணுங்க ஜெயிச்சிட்டோம்னு அழுதுக்கினு இருக்குதுங்க. அதுங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. தலைமை ஆசிரியர் இரண்டு கோச்சையும் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். கடைசியில், அந்த ஒரு பாட்டை மட்டும் மறுபடி ஆடட்டும், மைக்கை நிறுத்தி விடுங்கள் என்றார்.

மணி நாலேகால். மைக் நின்றதும் மைதானமே வேறு இடமாகிவிட்டது. சுற்றி அத்தனை பேர் நின்றும் ஒரு பேச்சு இல்லை.

அவள் நடுக்கோட்டுக்கு வந்து நின்றாள். முழங்கையில் யாரோ கைக்குட்டை கட்டியிருந்தார்கள். நான் பக்கத்தில் போய், இன்னொரு தடவை தவறு நடந்துவிடக் கூடாது என்ற பயத்தில், "எனக்குக் கேக்கற மாதிரி நல்லா சத்தமா பாடும்மா" என்றேன்.

அதைச் சொன்னது நான். மூச்சை எப்படிச் சேர்த்து வைப்பது என்று தெரிந்த நான்.

"சரிங்க டீச்சர்" என்று தலையாட்டினாள்.

பாடினாள். கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொரு கபடியையும் முழுசாகப் பாடினாள். இடது மூலையில் நின்றவளைக் கால் நீட்டித் தொட்டாள். தொட்டது சரி என்று கை தூக்கினேன், கோட்டைத் தாண்டினால் புள்ளி. திரும்பினாள். பிடிக்க வந்த இரண்டு பேரையும் வெட்டி ஒதுங்கினாள். அவளைத் தடுக்க யாரும் இல்லை. கோட்டுக்கு இன்னும் ஓர் அடி. "கபடி, கபடி, கப" என்று வந்து குரல் உடைந்தது. ஹக்கென்று மூச்சை இழுத்தாள். அதற்குப் பிறகுதான் கால் கோட்டைத் தாண்டியது.

மைதானம் முழுக்க அதைக் கேட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கேட்காமல் போயிருக்கக் கூடாதா என்று அந்த நொடியில் ஆசைப்பட்டேன். விசிலை ஊதி அவுட் காட்டினேன்.

இந்தத் தடவை யாரும் கோட்டுக்குள் வரவில்லை. கணக்கு வாத்தியார் மேசைக்கு வந்து சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பெண்களை அவசரப்படுத்தினார்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. நின்றாள். குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இப்ப கேட்டுச்சிங்களா டீச்சர்?"

"கேட்டுச்சும்மா" என்றேன்.