தைப்பூசத்தன்று ஒரு கையெழுத்து

இருபது வருடத்துக்கு முன், வேலம்பாளையத்து பனியன் கம்பெனிகளுக்கு நடுவே, கார் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மென்பொருள் எழுதித் தரும் சிறிய கம்பெனியில் தரப் பொறுப்பாளராக இருந்தேன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்த்து, அன்றே கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அவசரத்தில் ஒருமுறை அதைச் செய்யாமல் விட்டுவிட்டோம். கார் கம்பெனியிலிருந்து எங்களை மதிப்பிட ஆள் வருவதற்குள், கூட வேலை செய்த வேலுச்சாமியின் பெயரில் நானே பழைய தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வந்தவர் அந்தத் தாளைப் பார்த்தார். வேலுச்சாமியின் மேசையில் இருந்த காவடிப் படத்தையும் பார்த்தார்.

“இது தைப்பூசத்தன்னைக்குப் போட்டதுங்களே. நீங்க பழனிக்கு நடந்து போகலீங்களா?” என்று வேலுச்சாமியிடம் கேட்டார்.

பழைய தேதி போட்டபோது, அது தைப்பூசம் என்பதை நான் கவனிக்கவே இல்லை. வேலுச்சாமி ஒரு தைப்பூசத்தையும் விட்டதில்லை. அவர் தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“இந்த வருசம் போகலீங்க. இங்கதான் இருந்தேன்.”

எங்களுக்கு ஆர்டர் கிடைத்தது. மன்னிப்புக் கேட்கப் பலமுறை அவர் மேசைவரை போய்த் திரும்பினேன்.

அடுத்த தைப்பூசத்தன்று அவர் வேலைக்கு வந்திருந்தார். மேசையில் படம் இல்லை.

“ஏனுங்க, பழனிக்குக் கெளம்பலீங்களா?” என்றேன்.

“போயிட்டு வந்ததையே போகலைன்னு சொன்னவனுங்க நான். எந்த மொகத்தோட போய் நிக்கறது?”

மாலையில், அன்று சரிபார்த்த தாளில் கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினார். தைப்பூசத்தன்று அவர் தன் கையால் போட்ட முதல் கையெழுத்து அதுதான். போட வைத்தவன் நான்.