சக்கரத்துக்குள் ஒரு முனகல்

ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் மாதத்தில்தான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது. யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் அப்போது பால் வெட்டு இல்லை. மரங்கள் செம்பு நிறமாகி, காற்றே இல்லாத நேரத்திலும் இலைகளை ஒவ்வொன்றாகக் கீழே விட்டுக்கொண்டிருந்தன. பாதை முழுக்க மெத்தை போட்டது போல் இலை. அதன் மேல் கிறேஸ் தன் பழைய வேகனை இறக்கத்தில் மெதுவாக விட்டுக்கொண்டு வந்தாள். வண்டி கீழே போகிறதா, இல்லை தான் சும்மா உட்கார்ந்திருக்க மரங்கள்தான் மேலே ஏறிப் போகின்றனவா என்று அவளுக்குச் சில சமயம் மயக்கம் வரும். அன்றும் வந்தது. அந்த மயக்கத்துக்கு நடுவில், யாரோ வாயை மூடிக்கொண்டு பாட்டை முணுமுணுப்பது போல், வண்டியின் அடியிலிருந்து ஒரு முனகல் எழுந்தது.

பக்கத்து சீட்டில் இருந்த அவள் கணவர் சாள்ஸ் தலையைச் சாய்த்தார்.

"கேட்டுச்சா கிறேஸு?"

"கேட்டுச்சுங்க."

"முன் சக்கரத்து பேரிங். இடது பக்கம். கொஞ்ச நாள்ல கத்த ஆரம்பிச்சிரும், பாரு."

கிறேஸ் வண்டியை இன்னும் மெதுவாக்கினாள். அவர் காதுக்கு எதிர்ப்பேச்சு பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

அந்த வேகனை வருஷக்கணக்காக ஓட்டியவர் சாள்ஸ்தான். தோட்டத்தில் ஞானஸ்நானம் என்றாலும் பிரசவம் என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிறகு சீனி வியாதி கண்ணுக்கு ஏறியது. முதலில் பஸ்ஸின் பெயர்ப்பலகை போனது. பிறகு எதிரே வருபவரின் முகம். ஒரு பின்னேரம், பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். "இதுக்கு மேல பாதை தெரியல புள்ள," என்றார். அவ்வளவுதான். சாவியை எடுத்து அவள் மடியில் வைத்தார். அன்றைக்கு யாரோ ஒரு லொறிக்காரர்தான் அவர்களை வீடு கொண்டுவந்து சேர்த்தார்.

கிறேஸ் தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் ஓட்டிப் பழகினாள். லயத்து வரிசை வீடுகளில் சிரித்தார்கள். லைசன் எடுத்து வந்தபோது சிரிப்பு பாதியாகக் குறைந்தது. பிரசவ வலி எடுத்த லயத்து மூக்காயியை மழையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று எவருக்கும் தெரியாது. தூரம் காட்டும் எண்கள் அவர்கள் வாங்குவதற்கு முன்பே நின்றுவிட்டன. நாட்டில் பெற்றோலும் சாமானும் இல்லாமல் போன அந்தக் கெட்ட வருஷத்தில், டவுன் கராஜ் பாஸ் பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "நோனா, மேக்க தென் எபா," என்றார். அம்மா, இது இனி வேண்டாம் என்று சிங்களத்தில் அர்த்தம். கிறேஸ் பொனட்டை மூடிவிட்டு வீட்டுக்கு ஓட்டி வந்தாள். மறுநாளே ப்ளக்குகளைக் கழற்றித் துடைத்தாள். அப்படித்தான் தொடங்கியது. பிறகு பெல்ட், பிறகு ரேடியேட்டர் குழாய், பிறகு பிரேக். பால் வெட்டிவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வாள். கவிழ்த்துப் போட்ட பால் வாளியின் மேல் சாள்ஸ் உட்கார்ந்திருப்பார். எஞ்சினைக் கேட்டு, எங்கே தளர்ந்திருக்கிறது, எங்கே உராய்கிறது என்று சொல்வார். அவள் கையை விட்டுப் பார்த்தால் அங்கேதான் இருக்கும். லயத்துப் பிள்ளைகள் அவளுக்குக் கிறீஸ் அக்கா என்று பெயர் வைத்தார்கள். அவள் கோபப்படவில்லை. இரும்பு வாசமும் அவருடைய குரலும் மட்டும் இருக்கும் அந்தப் பின்னேரங்கள் அவளுக்குப் பிடித்திருந்தன.

முனகல் கேட்ட வாரத்தில்தான் மேல் லயத்து சரோனின் தாய் வந்தாள்.

"சனிக்கிழம சரோனுக்கு கல்யாணம் அக்கா. கித்துல்கலப் பக்கம் மாதா கோயில். புள்ள ஒங்க வண்டியிலதான் போகணுங்குது."

"வேற நல்ல வண்டி புடிக்கலாமே?"

"அவ பொறந்ததே சாள்ஸ் அண்ணன் வண்டியிலதானே. பாதி வழியில."

சாள்ஸ் சிரித்தார். கிறேஸ் வாசலில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போகையில் சக்கரம் இறுகிப் போனால்? அன்றே சாள்ஸையும் ஏற்றிக்கொண்டு பஜாருக்குப் புறப்பட்டாள். வளைவுகளில் கவனித்தாள். வண்டி இடது பக்கம் திரும்பும்போது முனகல் கூடியது. வலது பக்கம் திரும்பும்போது தணிந்தது. ஸ்டீயரிங் வழியாக ஒரு நடுக்கம் அவளுடைய வலது உள்ளங்கைக்கு வந்தது. இடப் பக்கம் வளைந்தால் பாரம் சாய்வது வலது சக்கரத்தின் மேல். அப்படியென்றால்... ஆனால் சாள்ஸ் ஜன்னலுக்கு வெளியே காதை வைத்தபடி, "இடதுதான், சந்தேகமேயில்ல," என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவள் தன் கையை நம்பாமல் அவர் காதை நம்பினாள்.

வண்டிச் சாமான் கடை மர்சூக் நானா மேல் தட்டில் துழாவி ஒரு பெட்டியை எடுத்தார். "எந்தப் பக்கத்துக்கு தங்கச்சி?"

"இடது."

"எந்தப் பக்கம்னாலும் இதுதான். ரெண்டுக்கும் ஒண்ணு. கொண்டு போங்க."

மறுநாள் காலை வேலையைத் தொடங்கினாள். ஜெக் வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பாகத்தைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டாள். நட்டைத் திருகி எடுத்ததும் சக்கரத்தின் நடுப் பாகம் கையோடு வந்தது. பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தாள். உருளைகள் எல்லாம் கண்ணாடிபோல் மின்னின. ஒரு கீறல் இல்லை. விரலால் சுழற்றினாள். பட்டு போல் சுற்றியது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஓர் இலை இறங்கி வந்து மண்ணெண்ணெய்த் தட்டில் மிதந்தது.

பிழை வலது பக்கத்தில்தான். சாள்ஸுக்குச் சொல்லாமல் இருக்கலாம். இடது பக்கத்தை மூடிவிட்டு, இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது என்று சொல்லி வலது பக்கத்தைத் திறக்கலாம். புதியதை அங்கே போட்டால் முனகல் நின்றுவிடும். தான் சொன்னதுதான் சரி என்று அவர் நினைத்துக்கொள்வார். பாதை போனது, முகங்கள் போயின, அவளுடைய முகமும் போனது. காது ஒன்றுதான் மிச்சம். அதையும் தான்தான் பறிக்க வேண்டுமா?

"என்னா பேச்சக் காணோம்?" என்றார் வாளியின் மேலிருந்து.

பொய் நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் அவரிடம் இப்போது ஒரு பொய் சொன்னால், இனிமேல் அவர் சொல்வதையெல்லாம் தான் நடிப்போடுதான் கேட்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அது அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போவது மாதிரி. எழுந்து போய் அவருடைய கையை விரித்து, கழுவிய பேரிங்கை உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்களே பாருங்க."

அவர் விரல்கள் அதைச் சுற்றிப் பார்த்தன. ஒரு தடவை, இன்னொரு தடவை. காதருகே வைத்துச் சுழற்றினார்.

"இது நல்லாயிருக்கே," என்றார் கடைசியில்.

"ஆமாங்க. எனக்கு வலது பக்கம்னு நேத்தே தோணுச்சு. கையில தெரிஞ்சிச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்."

"என்னைக்கும் சரியா இருக்க நான் என்னா சாமியா?" என்றார். பிறகு பேரிங்கை நீட்டினார். "இத மாட்டிட்டு, போய் வலது பக்கத்தத் தொற. நானும் வாறேன்." வாளியைத் தானே தூக்கிக்கொண்டு, வண்டியைக் கையால் தடவியபடி மறுபக்கம் வந்து உட்கார்ந்தார்.

வலது பக்கத்து பேரிங் நீலம் பாரித்துக் கிடந்தது. உருளைகளில் அம்மைத் தழும்பு போல் குழிகள். புதியதில் கிறீஸ் அடைக்கும் வேலையை சாள்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டார். உள்ளங்கையில் கிறீஸைக் குவித்து, உருளைகளுக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினார். அதற்குக் கண் வேண்டியிருக்கவில்லை.

ஓட்டிப் பார்க்க கித்துல்கலப் பாதையில் போனார்கள். இடது பக்கம் மலையை வெட்டிய பாறை, வலது பக்கம் ஆறு. முனகல் இல்லை. வண்டி ஏதோ நினைவில் போவது போல் போனது. பாறை ஒட்டி நின்ற ஓரிடத்தில் சாள்ஸ் திடீரென்று, "நிப்பாட்டு," என்றார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கதவைத் தட்டினார். தட்டிய சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. இன்னொரு தரம் தட்டினார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"வெளங்குதா? முந்தி நான் ஒன் சீட்டுல இருந்து கேட்டேன். இப்ப மலைப் பக்கம் காத வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். வண்டி வலது பக்கத்துல முனகிச்சு. நம்ம தோட்டத்து எறக்கத்துலயும் மலை இந்தப் பக்கந்தான், அது சத்தத்தத் திருப்பி என் காதுல போட்டிருச்சு."

"அப்ப ஒங்க காதுல பிழையில்ல."

"ஒன் கையிலயும் இல்ல," என்றார். "இனி சந்தேகம் வந்தா வாயத் தொறந்து சொல்லு. கை ஒன்னுது, காது என்னுது. ரெண்டும் சேந்தாத்தான் வண்டி."

சனிக்கிழமை சரோன் வெள்ளை உடுப்பைச் சுருட்டிப் பிடித்தபடி பின் சீட்டில் ஏறினாள். கோயில் வாசலில் இறங்கும்வரை ஒரு சத்தமும் இல்லை. பூசை முடிந்து எல்லாரும் படம் பிடித்துக்கொண்டிருக்கையில், கிறேஸும் சாள்ஸும் ஆற்றோரத்து மர நிழலில் வண்டிக்குள் வந்து உட்கார்ந்தார்கள். கீழே வெள்ளைக்காரர்கள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ரப்பர் படகில் கூச்சலிட்டபடி போனார்கள்.

"கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் இருக்கட்டா?" என்றார் சாள்ஸ்.

இடம் மாறிக்கொண்டார்கள். சாவி அவள் கையில் இருந்தது. சாள்ஸ் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார். கியரில் கை வைத்தார். "இப்ப பாலம்," என்றார் மெதுவாக. "இப்ப சிவன் கோயில் வளைவு. அந்த ஆட்டுக்காரப் பயல் நிக்கிறான், ஹோன் அடிக்கணும். இனி ஏத்தம்." ஒவ்வொரு வளைவுக்கும் அவர் தோள் லேசாகச் சாய்ந்தது. தோட்டத்துப் பாதை அவர் வாயிலிருந்து விரிந்து வந்தது. கிறேஸ் தலையைச் சீட்டில் சாய்த்தாள். வெகு காலமாக யாரும் அவளை எங்கேயும் ஓட்டிக்கொண்டு போனதில்லை. கண்கள் தாமாக மூடின. அவர் ரெண்டாம் மலையைத் தாண்டி மேல் லயத்துக்குத் திரும்பும்போது அவள் நன்றாகத் தூங்கிப்போயிருந்தாள். அவள் மூச்சிலிருந்து அது தெரிந்ததும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் ஓட்டுவதை நிறுத்தவில்லை.