நாங்க பாத்துக்கறோம்

வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் பத்தொன்பது வருடமாக போன் எடுக்கிறேன். மெஷின் தண்ணீரைக் கக்குகிறது, துணியைக் கிழிக்கிறது, நடந்து நடந்து வாசல் வரை வந்துவிட்டது என்று யார் கத்தினாலும் நான் சொல்வது ஒன்றுதான். "கவலையே படாதீங்க, நாங்க பாத்துக்கறோம்." யார் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. சொல்வதற்குத்தான் சம்பளம்.

இப்படிப்பட்ட மகானை நம்பி என் மனைவி வீடு வாங்கக் கிளம்பினாள்.

அவளுக்கு வீசிங் உண்டு. எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில் ஜன்னலே கிடையாது. வாணலி புகைந்தால் போதும், அவளுக்கு இழுக்க ஆரம்பித்துவிடும். நாங்கள் பார்த்த வீட்டில் சமையலறை ஜன்னல் சுவரில் பாதி இருந்தது. அதைத் திறந்து தலையை வெளியே நீட்டி நின்றவள், மற்ற அறைகளைப் பார்க்காமலேயே "இதுதாங்க நம்ம வீடு" என்று சொல்லிவிட்டாள்.

மற்ற அறைகளைப் பார்த்தவர் நாங்கள் கூட்டிப்போன இன்ஜினீயர். மனிதர் கதவு கதவாகத் திறந்து மூடி, குழாய் குழாயாகத் திருகி, ஏழு குறைகளை எழுதினார். ஆறு சில்லறை விஷயம். ஏழாவது படுக்கையறைச் சுவர். புதுப் பெயின்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே கறுப்பாகப் பூசணம்.

"பின்னால பாத்ரூம். சுவருக்குள்ள பைப் கசியுது. ஓனர் உடைச்சு மாத்திக் குடுத்தாத்தான் வாங்கணும். உங்க வீட்டம்மாவுக்கு இந்த ஈரம் ஆகவே ஆகாது, சார்."

மூன்று சாயங்காலம் எனக்கு ஒத்திகை நடந்தது. மனைவிதான் வீட்டு ஓனர் வேஷம். நான் விறைப்பாக நின்று, "சுவரை நீங்கதான் சரி பண்ணித் தரணும்" என்று சொல்ல வேண்டும். நன்றாகவே சொன்னேன். மூன்றாம் நாள் அவளே கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று எழுத வெள்ளைத்தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். மனைவி என்னிடம் கண்ணைக் காட்டிவிட்டு, திரைச்சீலைக்கு ஜன்னலை அளக்கப் போனாள். ஆறு குறைகளையும் அவரே செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவுதானா பேரம்? ஏழாவதுக்கு வந்ததும் அவர் பெருமூச்சு விட்டார்.

"அதை ஏன் கேக்கறீங்க! ரெண்டு வருஷமா இந்தச் சுவர் உயிர வாங்குது. எத்தனை பேருக்கு போன் பண்ணியிருப்பேன்? ஒருத்தனும் வந்து எட்டிப் பாக்கல, சார்."

அந்தக் குரல் இருக்கிறதே, அதைத்தான் தினமும் நாற்பது தடவை கேட்கிறேன். என் வாய் என்னைக் கேட்காமலேயே திறந்தது.

"கவலையே படாதீங்க சார், நாங்க பாத்துக்கறோம்."

தலைமையாசிரியர் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு முத்து முத்தான கையெழுத்தில், 'சுவர்: வாங்குபவர் பொறுப்பு' என்று எழுதி, தாளை என் பக்கம் நகர்த்தினார். சொன்னதை மாற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அசடு!

பஸ்ஸில் தாளைப் படித்த மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அன்று சமைக்கும்போது வழக்கம்போல இழுத்தது. இன்ஹேலரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "சரி விடுங்க, வெயில் காலத்துல காஞ்சிடும்" என்றாள். அதற்கு அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

மறுநாள் காலை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன்.

"கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார் தலைமையாசிரியர்.

"போட்டது நான் சார். அந்த ரூம்ல படுக்கப்போறது அவ. ஏற்கெனவே மூச்சு விட முடியாம தவிக்கிறா. பைப்பை மாத்திக் குடுங்க. இல்லேன்னா எங்களால வாங்க முடியாது."

"சுவரை உடைக்கிற வேலையெல்லாம் என்னால ஆகாது."

"அப்ப முடியாது சார்."

அவர் என் கையிலிருந்த தாளை வாங்கி நாலாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். அவ்வளவுதான். கதவு சாத்தப்பட்டது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி ஜன்னல் அளவு எழுதிய துண்டுச்சீட்டோடு துணிக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"முடியாதுன்னு சொன்னீங்களா? நீங்களா?"

"ஆமா. ரெண்டு தடவை."

"கல்யாணமாகி பதினேழு வருஷம். உங்க அண்ணன் கிட்ட, உங்க மேனேஜர் கிட்ட, யார்கிட்டயாவது ஒரே ஒரு தடவை முடியாதுன்னு சொல்லுங்கன்னு கெஞ்சியிருக்கேன். கடைசியில சொல்றதுக்கு உங்களுக்கு என் வீடுதானா கெடச்சுது?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. நான் செய்தது சரியா தப்பா என்று கேட்கத் தைரியமில்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.