ரெகொபோத் வீட்டுத் தண்ணீர்

அப்பா கர்த்தருக்குள் உறங்கி ஒரு வருடமாகிறது. கேட் சத்தம் கேட்டால் உடனே எழுந்து போய்ப் பார்க்க எங்கள் வீட்டில் ஆளில்லாமல் போனது. மகளாக இதை எழுத உட்கார்ந்தால் எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

அப்பா திண்டுக்கல்லை அடுத்த அகரத்தில் விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அவரும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு கிணறு வெட்டி, முறை வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். ஒரு கோடையில், என் முறையில் நீ மோட்டார் போட்டாய் என்று பேச்சு வளர்ந்து கைகலப்பில் முடிந்தது. அப்பா தன் பங்கை விட்டுவிட்டு செம்பட்டிப் பக்கம் போனார். அங்கே வெட்டிய கிணற்றுக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் வம்புக்கு வந்தார். அதையும் விட்டார். திண்டுக்கல்லில் இந்த மனையில் போர் போட்டுத் தண்ணீர் வந்தபோது யாரும் சண்டைக்கு வரவில்லை. வாசலில் 'ரெகொபோத்' என்று கல் பதித்தார்.

பெயரைக் கேட்பவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்வார். எபிரெய மொழியில் விசாலமான இடம் என்று பொருள். வேதாகமத்தில் ஈசாக்கு கிணறு வெட்டியபோது, தண்ணீர் எங்களுடையது என்று அந்த ஊர் மேய்ப்பர்கள் வாக்குவாதம் செய்தார்கள். அதற்கு ஏசேக்கு, அதாவது சண்டை என்று பெயரிட்டார். அடுத்ததற்கும் தகராறு, அது சித்னா, பகை. மூன்றாவதற்கு யாரும் வரவில்லை. அதுதான் ரெகொபோத்.

கதை அங்கே முடியவில்லை. முதலில் ஈசாக்கைத் தம் ஊரைவிட்டுத் துரத்தியவர்களே பிறகு அவரைத் தேடி வந்தார்கள். அவர் விருந்து வைத்தார். அந்தப் பகுதியை மட்டும் அப்பா சொன்னதில்லை. தம்பி அப்படித் தேடி வருவதற்காகக் காத்திருந்தார். கேட் சத்தம் கேட்டால் சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய், "பால்காரந்தான்" என்று திரும்புவார்.

"நீங்களே ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன். அகரம் என்ன அமெரிக்காவுலயா இருக்கு?" என்பார் அம்மா.

"விட்டுக்குடுத்தவன் நானு. அவனுல்ல வரணும்."

படுக்கையில் விழுந்த பிறகும் கண் வாசல் பக்கமே இருந்தது.

அப்பா போன அன்று காலையில் எங்கள் மோட்டார் ஓடவில்லை. குளிப்பாட்டத் தண்ணீரில்லை. அகரத்துக்குத் தகவல் சொன்ன அண்ணன் இதையும் சொல்லியிருக்கிறான். டிராக்டரில் தண்ணீர்த் தொட்டியோடு சித்தப்பா வந்து இறங்கினார். அந்த முதல் கிணற்றுத் தண்ணீர்.

"மதினி, உள்ள வரலாமா?"

"இதக் கேக்கத்தான் அவரு உசுரப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. வாங்க தம்பி."

சித்தப்பாவே குளிப்பாட்டினார். முதல் செம்பு தண்ணீரை மோந்தவர் ஊற்ற முடியாமல் நின்றார். பிறகு, "இன்னைக்கு ஒம் முறைதாண்ணே" என்றார்.

ஆஸ்பத்திரியில் உடனிருந்த உறவினருக்கும், ஜெபித்த சபையாருக்கும், குடங்களோடு ஓடிவந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. தண்ணீர் கொண்டுவந்த சித்தப்பாவுக்கும் நன்றி. அவர் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. அப்பா மேலும் இருக்கிறது. அப்பா உயிரோடிருந்தவரை ஒரு டவுன் பஸ் தூரத்தை இருவருமே கடக்கவில்லை.

நினைவு நாள் சாப்பாட்டுக்குச் சித்தப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாளாக, கேட் சத்தம் கேட்டால் நான் எழுந்து போகிறேன்.