ரூத் யாருடைய மகள்

இராசமலர் கண்ணை மூடிக்கொண்டும் தட்டெழுத்துச் செய்வாள். யாழ்ப்பாணத்தில் அரச கந்தோர் ஒன்றில் ஒன்பது வருடம் காணிக் கடிதங்கள் தட்டியவள். ஆக்லாந்துக்கு வந்து ஏழு வருடமாக மங்கரேயில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளில் பாணும் பட்டரும் அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த விரல்களுக்கு இது பெரிய அநியாயம். அதனால்தான் 1996இல், பிளாக்ஹவுஸ் பே பகுதியில் இருந்த மிஸ் ஹார்வுட் தன் குடும்ப வரலாற்றைத் தட்டித்தர ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும், சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போகத் தொடங்கினாள்.

மிஸ் ஹார்வுட் கலியாணம் கட்டாத, ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய பூட்டனின் தகப்பன் ஏபெல் ஹார்வுட், அமெரிக்கா புதுநாடாக இருந்த காலத்து எல்லைப்புற அரசியல்வாதி. ஏபெலின் பாட்டன் அயர்லாந்தில் நெசவாளி. தகப்பன் மலைதாண்டிப் போய்க் காடு வெட்டி மரக்குடில் போட்டவர். அந்தக் காடு முதலில் யாருடையது என்பதை மிஸ் ஹார்வுட் அரை வரியில் தாண்டிவிட்டார். காணிக் கடிதம் தட்டியவளுக்கு அது கண்ணில் பட்டது, ஆனால் கேட்கவில்லை. ஏபெல் முப்பது வயதில் மாநில சபைக்குப் போய், குடியேறியவர்களின் நிலப் பத்திரத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர். போய்ச்சேரக் குதிரையில் ஒன்பது நாள். அவர் இல்லாத மாதங்களில் பண்ணை, மாடு, ஐந்து பிள்ளைகள் எல்லாம் மனைவி ரூத்தின் தலையில். இராசமலருக்கு ரூத்தை நிரம்பப் பிடித்துவிட்டது.

ஒருநாள் பழைய கடிதமொன்றில் விஷயம் வெளிவந்தது. ரூத், ஏபெலின் தாய்மாமன் மகள்.

"இதை விட்டுவிடுவோம்," என்றார் மிஸ் ஹார்வுட், முகம் சிவந்து. "பக்கத்துப் பண்ணைப் பெண் என்று போடுங்கள். சொந்தக்காரர் எல்லாரும் படிக்கப்போகிறார்கள். மாமன் மகளைக் கட்டினார் என்றால் சிரிப்பார்கள்."

இராசமலரின் விரல்கள் நின்றுவிட்டன. அவளுடைய கணவர் கேதீஸ்வரனும் தாய்மாமன் மகன்தான். ஊரில் சொந்த மச்சானைக் கட்டுவது பெருமை. இங்கே வந்தபிறகு, கிளினிக்கில் "கணவர் சொந்தமா?" என்று கேட்டதற்கு இல்லை என்றுவிட்டாள். வேலையிடத்தில் யாரோ அப்படிக் கட்டியவர்களைச் சொல்லிச் சிரித்தபோது தானும் சேர்ந்து சிரித்தாள். பதினைந்து வயது மகள் லக்ஷிகாவிடம்கூட மூச்சு விடவில்லை. மகள் முகம் சுளித்துவிடுவாளோ என்ற பயம்.

ஆனாலும் ரூத்தை மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"என் கணவர் என் மாமாவின் மகன்," என்றாள். "எங்களுக்குப் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள். மாமா மகன் மச்சான், கட்டுகிற முறை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை."

மிஸ் ஹார்வுட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லவரா?"

"கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டார். நல்லவர்."

"சரி. கடிதத்தில் உள்ளபடியே தட்டுங்கள்."

அன்று மாலையே மகளைக் கூப்பிட்டாள். "லக்ஷி, அப்பா என்ர மாமான்ர மகன். கலியாணத்துக்கு முந்தியே எங்களுக்கு அவர் சொந்தம்."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை?" மகள் வழக்கம்போல ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நீ என்னை ஒரு மாதிரிப் பாப்பாய் எண்டு பயந்தனான்."

லக்ஷிகா எழுந்து குசினிக்குப் போனாள். அங்கே கேதீஸ்வரன் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அம்மாவைச் சின்னப்பிள்ளையில் இருந்தே தெரியுமா? அப்போது எப்படி இருந்தா?"

எதைக் கேட்டாலும் ஒரு சொல்லில் பதில் சொல்கிற மனிதர், தண்ணீரை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்து, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.