ட்ரில் டீச்சரின் நோட்டு

கடைக்காரர் நிறுத்துக் கொடுத்ததையும் ஒரு முறை கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். அப்படிப்பட்ட எனக்கு அந்த ட்ரில் டீச்சரை முதல் நாளே பிடிக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில், விருத்தாசலத்தில் ஒரு சின்ன பீங்கான் பட்டறையில் வேலை செய்தேன். அச்சிலிருந்து வரும் சுடாத பொம்மைகளின் பிசிறைச் சீவி, ஈரப்பஞ்சால் துடைக்க வேண்டும். டீச்சருக்குப் பெண்கள் பள்ளியில் வேலை. குண்டு எறிவதில் மாவட்டத்துக்கே முதலாவதாக வந்தவர். சாயங்காலம் சங்கு ஊதியதும் பட்டறைக்குப் பின்னாலிருந்த பொட்டலுக்கு வந்து எங்களுக்குச் சடுகுடு சொல்லிக்கொடுத்தார். சும்மா யார் வருவார்கள்? ஆட்டம் முடிந்ததும் எங்களை உட்காரவைத்து, பொம்பளைகளுக்கு என்னென்ன உரிமை இருக்கிறதென்று பேசுவார். நோட்டில் ஏதோ எழுதிக்கொள்வார்.

எனக்கு அப்போது நான்காம் மாதம். யாரிடமும் சொல்லவில்லை. வயிறு தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்; பிள்ளை பெற்றுத் திரும்பினால் நம் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். என் வீட்டுக்காரர் காலொடிந்து கிடந்தார். என் சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

ஒருநாள் டீச்சர் என்னைத் தனியே நிறுத்தினார்.

"நீ ஆட வேணாம்மா. ஒக்காந்து பாயிண்டு மட்டும் சொல்லு."

கண்டுபிடித்துவிட்டாரே என்று பயந்துபோனேன். மறுநாள் அவர் பட்டறை வாசலில் சூப்பர்வைசரோடு பேசிக்கொண்டிருந்தார். கையில் அதே நோட்டு. என்னைப் போட்டுக்கொடுக்கிறார் என்றே முடிவுகட்டினேன். முந்திக்கொண்டேன்.

"சார், அந்த டீச்சரு ஆட்டம் சொல்லித்தர வரலிங்க. சங்கம் சேக்குறாங்க. அந்த நோட்ட வாங்கிப் பாருங்க."

"நல்லவேள சொன்ன" என்றார் சூப்பர்வைசர்.

நோட்டைப் பிடுங்கினார்கள். பொட்டலுக்கு முள்வேலி வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புகார் போய், டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்து பொம்மை சீவுகிறவள் சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. நோட்டில் இருந்தது முதலாளிக்கு ஒரு மனு. அன்று வாசலில் டீச்சர் அதைக் கொடுக்க முதலாளியைப் பார்க்கத்தான் சூப்பர்வைசரிடம் நேரம் கேட்டுக்கொண்டிருந்தாராம். மாசமாக இருக்கிறவளை நிறுத்தக் கூடாது, பிரசவம் முடிந்து வந்தால் அதே வேலையைத் தர வேண்டும். பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"என்கிட்ட மட்டும் ஏன் கேக்கல?"

"ஒன்கிட்ட கேக்க வேணாம்னு டீச்சருதான் சொன்னாங்க. ஒன் பேரப் பாத்தா ஒன் வயித்தயும் பாப்பாங்களாம்."

அவமானத்தில் ஈரமில்லாத பஞ்சைப் பிழிந்துகொண்டே இருந்தேன்.

அடுத்த மாதம் சூப்பர்வைசர் என் வயிற்றைப் பார்த்தார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கையெழுத்துப் போட்ட பதினொரு பேரும் தலை குனிந்து பொம்மை சீவிக்கொண்டிருந்தார்கள்.